பதம் பார்ப்பது சாப்பாடு ஆகாது

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த நீல அட்டை நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற ஹெப்சிபா கையில் திணித்து அனுப்பினாள். வயது இருபத்தாறு இருக்கும். எனக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி விரலை நீட்டித்தான் பேசுகிறாள்.

மே மாதத்துக்குப் பிறகு எனக்கு மாதவிலக்கு வரவில்லை. இந்த வயதில் இன்னொரு தொட்டிலா என்று முதலில் பயந்தேன். அது இல்லை. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். எடை எழுபத்தொன்பது. தாடையில் மூன்று முடி. பிடுங்கப் பிடுங்க வருகிறது, வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி.

"இன்சுலின் கூடிப்போச்சுன்னா மத்த ஹார்மோன் எல்லாம் தாளம் தப்பிரும்க்கா. மாத்திரைக்கு முன்னால மூணு மாசம் சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணிப் பாப்போம்னு டாக்டர் சொல்லுதாங்க. வாயில போறது எல்லாத்தையும் இதுல எழுதணும். ஒண்ணு விடக் கூடாது" என்றாள் ஹெப்சிபா.

பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "லாலா கடை வச்சிருக்கீங்கன்னு சொன்னீங்க. இனிப்பு..." என்று இழுத்தாள்.

"இனிப்பா? கல்யாணமாகி பதினாறு வருஷத்துல ஒரு லட்டு முழுசாத் தின்னது கெடையாது. கோயில்ல வச்சுக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்" என்றேன்.

பொய் இல்லை. தென்காசியில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

காலை: கம்பங்கூழ் ஒரு டம்ளர். அவித்த முட்டை இரண்டு.
பதினோரு மணி: மோர். உப்பு கம்மி.
மதியம்: சோறு ஒரு கரண்டி (நேற்று வரை நாலு). கீரை. மீன் இரண்டு துண்டு.
சாயங்காலம்: கொள்ளுச் சுண்டல்.
ராத்திரி: கேழ்வரகு தோசை இரண்டு.
நடை: ரத வீதி நாலையும் ஒரு சுற்று.

ஹெப்சிபா, நன்றாகப் பார்த்துக்கொள். இப்படி ஒரு நோயாளி உனக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

வேலை: லட்டு நாலு ஈடு, ஜாங்கிரி மூன்று ஈடு, காராச்சேவு இரண்டு ஈடு. எல்லாம் பதம் பார்த்துக் கடைக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். சாயங்காலம் பாலும் வாழைப்பழமும். நோட்டில் எழுதுவதற்கே ஒன்றும் இல்லை.

அல்வா மூன்று ஈடு, பாதுஷா இரண்டு ஈடு பதம் பார்த்தேன்.

விரதத்தன்று பதம் பார்க்கலாமா என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றும். அவள் கடைக்காரக் குடும்பத்தில் பிறக்காதவள். அதனால் எங்கள் கடைச் சட்டத்தை எழுதிவிடுகிறேன். தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்றால் அது சாப்பாடு. நின்றுகொண்டு, இடது உள்ளங்கையில் வாங்கி, வாயில் போட்டு, உடனே வாய் கொப்பளித்தால் அது பதம். பதத்துக்கு விரதம் முறியாது, தீட்டு இல்லை, கணக்கும் இல்லை. இது என் மாமியார் ஆவுடையம்மாள் வகுத்த சட்டம்.

அத்தைதான் எனக்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் பதம் பார்த்தவர். படம் கல்லாவுக்கு மேலே மாலையோடு இருக்கிறது. சுகரில் போனார். கடைசியில் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். வாழ்நாளில் இனிப்பையே தொடாத மனுஷிக்கு எப்படிச் சுகர் வந்தது என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. தலையெழுத்து, வேறென்ன.

செப்டம்பர் 12, வெள்ளி

எடை: 79.6.

ஆஸ்பத்திரித் தராசில் ஏதோ கோளாறு. ஹெப்சிபாவிடம் சொன்னேன். அவள் தானே ஏறிக் காட்டினாள். ஐம்பத்திரண்டு கிலோ. ஒல்லியானவர்களுக்கு மட்டும் சரியாகக் காட்டுகிற தராசு போலிருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

நடை இப்போது ரத வீதிகளில் மூன்று சுற்று. துணைக்குக் கோமு வருகிறாள். என் கொழுந்தன் பெண்டாட்டி. முப்பது வயது, வேகமாக நடக்கிறாள், அதைவிட வேகமாகப் பேசுகிறாள்.

வடக்கு ரத வீதி திரும்பும்போது ஆரம்பித்தாள். "அக்கா, ஒடம்பு சரியில்லாத நேரத்துல எதுக்கு அடுப்படில கெடந்து வேகுதிய? ஒரு வாரம் நான் வேணா பதம் பாக்கேனே."

"ஒனக்கு நெய்க்கும் டால்டாவுக்கும் வித்தியாசம் தெரியுமாட்டி?"

"பழகினாத் தெரியாமலா போவும்?"

நான் நடையைக் கூட்டினேன். கோமுவே மூச்சு வாங்கிப் பின்னால் ஓடி வந்தாள். ஹெப்சிபா, உன் உடற்பயிற்சி அட்டவணையில் 'ஓரகத்தி' என்று ஒரு வரி சேர்த்துக்கொள். நல்ல பலன் தெரிகிறது.

ஆனால் ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். கடை என் வீட்டுக்காரர் பெயரிலும் கொழுந்தன் பெயரிலும் இருக்கிறது. சரக்கு வாங்குவது அவர்கள், விலை வைப்பது அவர்கள். ஆனால் நான் தலையை ஆட்டாமல் ஒரு தட்டு கூட அடுப்படியைத் தாண்டிக் கடைக்குப் போகாது. நான் உதட்டைப் பிதுக்கினால் அண்ணனும் தம்பியும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே அதிகாரம் நாக்கு நுனியில்தான் இருக்கிறது. அதைக் கோமு கேட்கிறாள், ஏதோ கறிவேப்பிலை கேட்பது மாதிரி.

செப்டம்பர் 25, வியாழன்

ஹெப்சிபா புதிதாக ஒன்று கொடுத்தாள். தசைக்கு வேலை கொடுத்தால் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யுமாம். நாற்காலியில் உட்காருவது போலப் போய், உட்காராமல் எழ வேண்டும். பன்னிரண்டு தடவை, மூன்று முறை.

அடுப்படியில் மாவு டின் பக்கத்தில் செய்துகொண்டிருந்தேன். சரக்கு மாஸ்டர் கருப்பசாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"தாயி, என்ன தேடுதிய? சொன்னா நான் எடுத்துத் தர மாட்டனா?"

"ஹார்மோனத் தேடுதேன் மாஸ்டர்."

"அது மேல் தட்டுலல்லா இருக்கும்" என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று சரஸ்வதி பூஜை. இந்த நோட்டும் பூஜையில் இருந்ததால் எழுத முடியவில்லை. என்ன சாப்பிட்டேன் என்பதும் ஞாபகமில்லை. சரஸ்வதிக்குத் தெரியும், அவளிடம் கேட்டுக்கொள்.

அக்டோபர் 7, செவ்வாய்

எடை: 80.2. மாதவிலக்கு: இல்லை. தாடையில் நாலாவது முடி.

ஹெப்சிபா நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தாள். 'ஒல்லியானவர்களுக்கு மட்டும்' என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இதுல எழுதியிருக்க மாதிரிச் சாப்பிட்டா எடை கூட வாய்ப்பு இல்லையே. தைராய்டும் நார்மலா இருக்கு." பேனாவை எடுத்து ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டாள். அடுத்த பக்கத்திலும் போட்டாள். அடுத்ததிலும். "இந்தப் பதம்... ஒரு ஈட்டுக்கு எத்தன தடவ பாப்பீங்க?"

"மாவுக்கு ஒண்ணு, பாகுக்கு ஒண்ணு, எறக்கும்போது ஒண்ணு, ஆறினப்பெறவு ஒண்ணு. அது சாப்பாட்டுல சேராது. சட்டம் எழுதியிருக்கேனே, வாசிக்கலையா?"

"வாசிச்சேன்க்கா. ஒங்க அத்தை சட்டம் ஒடம்புக்குத் தெரியணும்லா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்துப்போன மனுஷியை இழுக்கிறாளே என்று எழுந்துவிட்டேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரே ஒரு நாள், பதம் பார்க்கும்போதெல்லாம் வாயில் போடுகிற அதே அளவு இன்னொரு தடவை எடுத்து மூடி போட்ட ஒரு சம்படத்தில் போட வேண்டும். அவ்வளவுதான் என்றாள்.

சரி. அவள் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு சின்னச் சம்படம் போதும்.

அக்டோபர் 9, வியாழன்

தீபாவளிச் சரக்கு ஆரம்பித்துவிட்டது. எட்டு மணிக்குச் சின்னச் சம்படத்தை அடுப்படி ஜன்னலில் வைத்தேன்.

பத்தரை மணிக்கு அது நிறைந்துவிட்டது. லட்டுப் பூந்தி கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறது, அதனால்தான்.

பெரிய சம்படத்தை எடுத்தேன்.

நாலு மணிக்குக் கடைத் தராசில் இரண்டையும் கொட்டி வைத்தேன். நானூற்று இருபது கிராம்.

கடைத் தராசிலும் கோளாறு என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு நிமிர்ந்தால், கல்லாவுக்கு மேலே அத்தை.

இருபத்தெட்டு வருஷம். ஞாயிறு கிடையாது, விரதம் கிடையாது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று நடக்கவில்லை. பதம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது. மாஸ்டர் மிளகாய்ப் புகை என்று நினைத்துக்கொண்டார்.

அக்டோபர் 11, சனி

யோசனை ஒன்று. வாயில் போட்டு, சுவை பார்த்து, விழுங்காமல் துப்பிவிட்டால்?

அடுப்படி மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தேன். முதல் அல்வாவைத் துப்பியதும் மாஸ்டர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "நாப்பது வருஷத்துல என் அல்வாவ யாரும் துப்பினது இல்ல தாயி" என்றார். அடுப்படி வாசலில் சீர்ப் பலகாரம் சொல்ல வந்த ஓர் அம்மாளும் பார்த்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்.

வாளியைப் பாத்ரூமிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சம்படம், நானூற்று இருபது, எல்லாம். அவர் காபி டம்ளரைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டார்.

"தீபாவளிக்கு ஒரு வாரந்தான் இருக்கு. அது வரைக்கும் பாரு. பெறவு பாத்துக்கிடலாம்."

"ஒங்க அம்மாகிட்டயும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

"எங்கம்மா இனிப்பே தொட மாட்டா" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "தொட மாட்டான்னுதான் எல்லாரும் சொல்லுவோம்" என்றார் கடைசியில். காபி ஆறிவிட்டது. நான் வாங்கி ஊற்றிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தேன், சீனி இல்லாமல். அதையும் குடித்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

கோமுவைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து நீ பாரு" என்றேன். இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல் திருதிருவென்று விழித்தாள்.

"நெசமாத்தானா அக்கா? நீங்க என்ன செய்யப் போறிய?"

"ஆளு வந்தா டோக்கன் கிழிச்சுக் கொடுக்கப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உட்காராமல் எழும் பயிற்சியை நாற்பது தடவை செய்தேன். தொடை வலி வேறு எந்த வலியையும் நினைக்க விடாது. பயிற்சியில் இப்படியும் ஒரு நன்மை இருப்பதை ஹெப்சிபா சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காலை: முட்டை, கம்பு. மதியம்: சோறு ஒரு கரண்டி, அவரைக்காய், கோழி மூன்று துண்டு. பதம்: இல்லை. வாய் வெறிச்சென்று இருக்கிறது. கிராம்பை மென்றேன்.

கோமு எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்கிறாள். காராச்சேவுக்கும் சூப்பர். உப்பு மறந்த காராச்சேவுக்கும் சூப்பர். கடையில் நாலு பேர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ரொம்ப வருத்தம் என்று சொல்ல முடியாது.

அக்டோபர் 18, சனி

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

கடை நிரம்பி வழிகிறது. நான் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து மைசூர்பாகுத் தட்டு வருகிறது. ஐந்து தட்டு, அடுக்கி. முதல் தட்டு என்னைத் தாண்டும்போது மூக்கில் ஏதோ இடித்தது.

"நில்லு" என்றேன்.

வீட்டுக்காரர், கொழுந்தன், கோமு, மாஸ்டர் எல்லோரும் நின்றார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். நெய் பழசு. காறல் ஆரம்பித்துவிட்டது. வாயில் போட்டால் முதலில் தெரியாது, வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் தின்கிறவனுக்குத் தெரியும்.

"நான் பாத்தேனே அக்கா, நல்லாத்தான இருந்துச்சு" என்றாள் கோமு.

மாஸ்டர் பின்கட்டுக்குப் போய் நெய் டின்னைத் தூக்கி வந்தார். அவசரத்தில், திரும்ப அனுப்புவதற்காக ஒதுக்கி வைத்திருந்த பழைய டின்னை உடைத்திருக்கிறார்கள். திறந்து மோந்தவர் முகம் சுருங்கியது. ஐந்து தட்டும் திரும்பி உள்ளே போனது. கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன். மூடிக்கொண்டான்.

ஆக, நாக்கில்லாமலும் நடக்கிறது! பதினாறு வருஷமாக நாக்கு பேர் வாங்கிக்கொண்டிருந்தது, பாதி வேலையைச் செய்தது மூக்கு. மோந்து பார்ப்பது எடையில் ஏறாது. ஏறும் என்றால் ஹெப்சிபா எழுதித் தரட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆயிரம் டோக்கன். நடை: கணக்கில்லை. இனிப்பு: கணக்கு இருக்கிறது, பூஜ்யம்.

அக்டோபர் 24, வெள்ளி

புதுச் சட்டம் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. முதலில் மூக்கு. சந்தேகம் வந்தால்தான் நாக்கு. நாக்குக்கும் கரண்டி நுனியில் ஒரு பருக்கை, ஒரு ஈட்டுக்கு ஒரு தடவை. ஒரு நாள் நான், ஒரு நாள் கோமு, ஒரு நாள் வீட்டுக்காரர். நாக்கில் வைத்தது யாராக இருந்தாலும் நோட்டில் எழுத வேண்டும்.

கோமுவுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு அட்டை.

"எனக்கு எதுக்குக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு" என்றேன். வாங்கிக்கொண்டாள். நாளையிலிருந்து உப்பு, நெய் எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். கெட்டவள் இல்லை. அவளுக்கும் இந்த வீட்டில் தலையாட்ட ஓர் இடம் வேண்டும் அல்லவா?

நவம்பர் 4, செவ்வாய்

எடை: 78.1. தராசு சரியாகிவிட்டது.

அத்தையைப் பற்றி ஹெப்சிபாவிடம் கேட்டேன். அந்த இனிப்பால்தான் போனாரா என்று. "அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதுக்கா. வம்சம், வயசு எல்லாம் இருக்கு. ஆனா அவங்க வியாதிக்கு ஒத்தாச பண்ணியிருக்கும்" என்றாள். நேர்மையான பெண். இதை எழுதும்போது அவள் படிப்பாள் என்று நினைத்து எழுதவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வந்துவிட்டது.

காலை ஆறு மணி பத்து நிமிஷம். பதினைந்து வயதில் இதற்காக அழுதேன். இன்று பாத்ரூமில் நின்று சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்னட்டி ஆச்சு?" என்றார். "விருந்தாளி வந்திருக்கு" என்றேன். வாசலில் போய்ப் பார்த்துவிட்டு, யாரையும் காணோமே என்று திரும்பி வந்தார்.

ஹெப்சிபாவுக்குப் போன் செய்தேன். "சந்தோசம்க்கா. ஆனா ஒரு தடவ வந்தா முடிஞ்சுதுன்னு நெனச்சிராதீங்க. நடை, சாப்பாடு எல்லாம் அப்படியே இருக்கணும். ரத்தமும் டெஸ்ட் பண்ணணும்" என்றாள். டீச்சர் டீச்சர்தான். தாடையில் இன்னும் நாலு முடி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

அத்தைக்குத் திதி. ஐந்தாவது வருஷம்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்தோம். சோறு, சாம்பார், அவியல், வடை, முறுக்கு. வழக்கமாக இலையில் இனிப்பு மட்டும் வைக்க மாட்டோம். லாலா கடை வீட்டில், செத்துப்போனவருக்கு இனிப்பில்லாத படையல். அத்தைக்குப் பிடிக்காது என்று எல்லோரும் அப்படியே விட்டுவிட்டோம். பிடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

நேற்றே மாஸ்டரிடம் சொல்லி, நல்ல நெய்யில் பத்தே பத்து லட்டு பிடிக்கச் சொல்லியிருந்தேன். ஒன்றை எடுத்து இலையின் நடுவில் வைத்தேன்.

கொழுந்தன், "மதினி, அம்மா இனிப்பு..." என்று ஆரம்பித்தான்.

"வைக்கட்டும்லே" என்றார் வீட்டுக்காரர். கண் கலங்கியிருந்தது.

இலைக்கு முன்னால் ஒரு மணையையும் போட்டேன். எதற்கு என்று கோமு கேட்டாள். "உக்காந்து திங்கட்டும்" என்றேன். அத்தை ஆயிரக்கணக்கில் லட்டு தின்றிருக்கிறார். ஒன்றைக் கூட உட்கார்ந்து தின்றதில்லை, ஒன்றையாவது ருசிக்காகத் தின்றதில்லை.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஹெப்சிபாவிடம் முன்பே கேட்டுவிட்டேன். "ஒரு நாள், ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டோட. ஆனா எழுதணும்" என்றாள்.

காலை: கேழ்வரகுப் புட்டு, சுண்டல் ஒரு கை.
மதியம்: சோறு ஒரு கரண்டி, சாம்பார், அவியல் இரண்டு கரண்டி, வடை பாதி.
லட்டு: ஒன்று. முழுசாக. தட்டில் வைத்து, உட்கார்ந்து.
நன்றாக இருந்தது.